நடுவில் இருப்பவரின் கணக்கு

போக்கர் என்னும் சீட்டாட்டம் திறமையின் ஆட்டமா, அதிர்ஷ்டத்தின் ஆட்டமா என்ற கேள்விக்காகத் தமிழ்நாட்டு அரசும் சென்னை உயர் நீதிமன்றமும் 2020 நவம்பருக்குப் பின் செலவிட்ட காலமும் காகிதமும் கொஞ்சமல்ல. இணையத்தில் பணம் வைத்து ரம்மியும் போக்கரும் ஆடுவதைத் தடுத்து அந்த மாதம் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம், 2021 பிப்ரவரியில் முழுச் சட்டமாகி, அதே ஆண்டு ஆகஸ்ட் 3 அன்று தலைமை நீதிபதி சஞ்ஜிப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி ஆகியோர் அடங்கிய அமர்வால் செல்லாதென அறிவிக்கப்பட்டது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கையைப் பெற்ற பின் 2022 அக்டோபரில் புதிய அவசரச் சட்டமும் அதைத் தொடர்ந்து மசோதாவும் வந்தன. ஆளுநர் திருப்பியனுப்பிய அந்த மசோதா 2023 மார்ச்சில் பேரவையில் மறுபடி நிறைவேறி, ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. 2023 நவம்பர் 9 அன்று தலைமை நீதிபதி எஸ்.வி. கங்காபூர்வாலா, நீதிபதி பி.டி. ஆதிகேசவலு அமர்வு அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளின் வரிசையில் சேர்த்திருந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. இரண்டுமே திறமை ஆட்டங்கள் என்பது அத்தீர்ப்பின் முடிவு.

அந்தத் திறமை மேசையின்மேல் எந்தக் கட்டத்தில், எந்த வடிவில் வெளிப்படுகிறது என்பது தீர்ப்புகளை மட்டும் படிப்பவருக்கு விளங்குவதில்லை. எதிரே சிப்களை, அதாவது பணத்துக்கு ஈடாக வைத்து ஆடும் வில்லைகளை, மலைபோல் அடுக்கியிருப்பவரிடம் அது பாதிதான் தெரியும். அவருடைய பிழைகளை அவருடைய செல்வமே மறைத்துவிடும். கடைசிச் சில சிப்களோடு தத்தளிப்பவரிடமும் பாதிதான் தெரியும். அவருக்கு எஞ்சியிருப்பவை இரண்டே வழிகள், அவற்றை ஓர் அட்டவணையில் எழுதி மனப்பாடம் செய்துவிடலாம். இருவருக்கும் இடையில் இருப்பவர், அதாவது நடுத்தரக் கையிருப்பு உடையவர், எடுக்கும் முடிவுகளில்தான் இந்த ஆட்டத்தின் அறிவு முழுவதும் வெளிப்படுகிறது என்பது போக்கர் நூல்களைப் படிப்போர் எவரும் வந்தடையக்கூடிய முடிவு.

ரம்மியும் 304உம் அறிந்த தமிழ் வாசகர்களுக்குப் போக்கரின் விதிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இன்று பெருவழக்கில் உள்ள வகை டெக்சாஸ் ஹோல்டெம் எனப்படுவது. 52 சீட்டுக் கட்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படுகின்றன. மேசையின் நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் திறக்கப்படுகின்றன. அவற்றுள் முதல் மூன்றும் சேர்ந்து ஃப்ளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர் எனப் பெயர் பெறும். கையில் உள்ள இரண்டும் பொதுவில் உள்ள ஐந்தும் சேர்ந்த ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்ப்பவர் வெல்வார். சீட்டுகள் வெளிப்படும் ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயச் சுற்று ஒன்று உண்டு. அதில் ஒருவர் தொகையை உயர்த்தலாம், பிறர் உயர்த்தியதற்கு ஈடு கொடுக்கலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். மற்ற எல்லோரும் கவிழ்த்துவிட்டால், எஞ்சிய ஒருவர் தம் சீட்டைக் காட்டாமலேயே நடுவில் சேர்ந்த குவியலை எடுத்துக்கொள்வார். போக்கரை மங்காத்தாவிலிருந்து முற்றிலும் வேறான ஆட்டமாக்குவது இந்தக் கடைசி விதிதான். மட்டமான சீட்டும் வெல்ல முடியும் என்பதால், எதிராளியின் அச்சத்தை அளப்பதும் ஆட்டத்தின் பகுதியாகிவிடுகிறது.

சீட்டு வரும்வரை ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதைத் தடுக்க, ஒவ்வொரு ஆட்டத்திலும் இருவர் சீட்டைப் பார்க்குமுன்பே ஒரு தொகையை வைத்தாக வேண்டும். சிறிய தொகை ஸ்மால் பிளைண்ட், அதன் இரு மடங்கு பிக் பிளைண்ட். இந்தக் கடமை மேசையைச் சுற்றி ஒவ்வொருவருக்கும் மாறி மாறி வரும். இவற்றோடு ஆன்டி என்னும் மற்றொரு கட்டாயத் தொகையும் போட்டிகளில் வசூலிக்கப்படுகிறது. இப்போதெல்லாம் அதையும் பிக் பிளைண்ட் வைப்பவரே எல்லோருக்குமாகச் செலுத்துவது வழக்கமாகியிருக்கிறது. கையிருப்பு பெரிதா, நடுத்தரமா, சிறிதா என்பதைச் சிப்களின் எண்ணிக்கையால் அளப்பதில் பொருளில்லை. பிக் பிளைண்டைப்போல் அது எத்தனை மடங்கு என்பதே அளவுகோல். போட்டிகளில் ஏறத்தாழ 20 முதல் 40 மடங்கு வரை உள்ள கையிருப்பை நடுத்தரம் என்று கொள்ளலாம்.

இன்னொரு அளவுகோலும் உண்டு. அமெரிக்கக் கணிதப் பேராசிரியரும் பேக்கேமன் ஆட்ட வல்லுநருமான பால் மாக்ரியல் வகுத்ததும், அவர் பெயரின் முதலெழுத்தால் எம் என்று அழைக்கப்படுவதுமான அந்த எண், ஒரு முழுச் சுற்றுக்கு ஆகும் கட்டாயச் செலவால் கையிருப்பை வகுத்தால் கிடைப்பது. 1995இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்ற டான் ஹாரிங்டன், பில் ராபர்ட்டியுடன் சேர்ந்து எழுதி 2005இல் வெளியிட்ட தம் நூலின் இரண்டாம் தொகுதியில் இதைப் பரவலாக அறிமுகப்படுத்தினார். பிளைண்ட்கள் 500, 1,000 எனவும் ஆன்டி 1,000 எனவும் உள்ள கட்டத்தில் ஒரு சுற்றின் செலவு 2,500. அப்போது 25,000 சிப்கள் வைத்திருப்பவரின் எம் 10. ஒன்றும் ஆடாமல் உட்கார்ந்திருந்தாலும் பத்துச் சுற்றுகளில் அவர் கை காலியாகும் என்பது இதன் பொருள். சென்னைப் புறநகரில் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் வங்கிக் கடனில் அடுக்குமாடி வீடு வாங்கிய ஒரு குடும்பம், நாளை சம்பளம் நின்றுபோனால் சேமிப்பிலிருந்து எத்தனை மாதத் தவணை கட்டலாம் என்று போடும் கணக்கும் இதுவே. ஆனால் போட்டி மேசையில் அந்தத் தவணை சில வேளைகளில் இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை கூடிக்கொண்டே போகும். பிளைண்ட்கள் 600, 1,200 என உயர்ந்து ஆன்டியும் 1,200 ஆகும்போது, ஒரு சிப்கூட இழக்காத அந்த ஆட்டக்காரரின் எம் 8.3 ஆகக் குறைந்துவிடுகிறது.

ஹாரிங்டன் எம் எண்ணை நிற மண்டலங்களாகப் பிரித்தார். 20க்கு மேல் பச்சை, 10 முதல் 20 வரை மஞ்சள், 6 முதல் 10 வரை ஆரஞ்சு, அதற்குக் கீழே சிவப்பு. பச்சையில் இருப்பவர் விரும்பிய எல்லா வகையிலும் ஆடலாம். சிவப்பில் இருப்பவர் ஆல்-இன், அதாவது முழுக் கையிருப்பையும் ஒரே அடியாக வைப்பது, அல்லது கவிழ்ப்பது என்ற இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டியவர். மஞ்சளிலும் ஆரஞ்சின் மேற்பகுதியிலும் நிற்பவரிடம் பழைய கருவிகள் சில மழுங்கிப்போயிருக்கும், கடைசிக் கருவியை எடுக்கும் நெருக்கடியோ இன்னும் வந்திருக்காது. இரு பக்க இலக்கணமும் பாதி பாதியாகப் பொருந்தும் இந்த இடத்தில்தான் பயிற்சியற்றவர்கள் தடுமாறுகிறார்கள்.

எந்தக் கருவி மழுங்குகிறது என்பதற்கு எடுத்துக்காட்டாகச் சிறு ஜோடிகளைக் கருதலாம். கையில் இரண்டு ஐந்துகள் வந்திருக்கின்றன. ஃப்ளாப்பில் மூன்றாவது ஐந்து வந்தால் மிக வலுவான கை அமையும். அது நேரும் வாய்ப்பு ஏறத்தாழ 12 விழுக்காடு, அதாவது எட்டரை முறைக்கு ஒருமுறை. எதிராளி பிக் பிளைண்டின் இரண்டரை மடங்குக்கு உயர்த்தியிருக்கிறார் என்றால், நூறு மடங்கு கையிருப்பு உள்ளவருக்கு அதற்கு ஈடு கொடுப்பது கையிருப்பில் இரண்டரை விழுக்காட்டுச் செலவு. அந்த ஐந்து வந்துவிட்டால் செலவைப்போல் 39 மடங்குவரை எதிராளியிடமிருந்து மேலும் பறிக்க இடமுண்டு. 25 மடங்கு கையிருப்பு உள்ளவருக்கோ அதே ஈடு கையிருப்பில் பத்தில் ஒரு பங்கு. வென்றாலும் மேலும் பெறக்கூடியது செலவைப்போல் 9 மடங்குதான். எட்டரைக்கு ஒருமுறை வருவதும், வந்தபோதெல்லாம் எதிராளி முழுதாகச் சிக்குவார் என்ற உறுதி இல்லாததுமான ஒன்றுக்கு 9 மடங்கு போதாது. அனுபவமுள்ளோர் குறைந்தது 15 மடங்காவது கேட்பார்கள். எனவே பெரிய கையிருப்பில் ஆதாயம் தரும் அதே சீட்டு, நடுத்தரக் கையிருப்பில் மெல்லக் கசியும் ஓட்டையாகிறது. ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் எட்டும் ஏழும் போன்ற ஆசை காட்டும் சீட்டுகளுக்கும் இது பொருந்தும்.

ஃப்ளாப் திறந்த பிறகு நடுத்தரக் கையிருப்பின் சங்கடம் வேறொரு எண்ணில் தெரிகிறது. எஞ்சிய கையிருப்பைக் குவியலால் வகுத்துக் கிடைக்கும் அந்த விகிதத்தை, மாட் ஃப்ளின், சன்னி மேத்தா, எட் மில்லர் ஆகிய மூவரும் 2007இல் வெளியிட்ட நூல் பரப்பியது. விகிதம் 3 அளவில் இருந்தால், பொதுச் சீட்டுகளில் மிகப் பெரியதோடு ஜோடி சேர்ந்தாலே முழுக் கையிருப்பையும் வைத்துவிடுவது பெரும்பாலும் சரி. விகிதம் 15 அளவில் இருந்தால் ஒரு ஜோடியை நம்பி அவ்வளவு தூரம் போவது பிழை. 40 மடங்கு கையிருப்புள்ளவர் மூன்று மடங்குக்கு உயர்த்தி, பிக் பிளைண்டில் இருப்பவர் மட்டும் ஈடு கொடுத்தால், ஆன்டி இல்லாத ஆட்டத்தில் குவியல் ஆறரை, எஞ்சியது 37, விகிதம் 5.7. போகவும் முடியாத, நிற்கவும் முடியாத எண் இது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் இந்த எண்ணை முன்கூட்டியே கணித்து, முதல் சுற்றிலேயே தொகையைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ வசதியான விகிதத்துக்கு ஆட்டத்தைக் கொண்டுவருகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத திறமை என்றால் இதுதான்.

இழப்புகளை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது நடுத்தரக் கையிருப்புக்கு நியாயம் ஆகாது. பெரியவருக்கும் சிறியவருக்கும் வாய்க்காத ஓர் ஆயுதம் அதற்கு உண்டு: ஒருவர் உயர்த்திய பின் அதன்மேல் முழுக் கையிருப்பையும் வைத்து அவரைக் கவிழ்க்கச் செய்வது. மேலே சொன்ன 500, 1,000 பிளைண்டும் 1,000 ஆன்டியும் உள்ள மேசையில், நல்ல கையிருப்புள்ள ஒருவர் 2,200க்கு உயர்த்துகிறார். குவியலில் இப்போது 4,700. பிளைண்ட் எதுவும் வைக்காத இடத்தில் 20,000 சிப்களோடு இருப்பவர் ஆல்-இன் போகிறார். எதிராளி கவிழ்த்துவிட்டால் 4,700 கிடைக்கும். கையிருப்பு ஏறத்தாழக் கால் பங்கு கூடும். அவர் ஈடு கொடுத்து, அப்போது இவருடைய வெற்றி வாய்ப்பு 35 விழுக்காடே என்று வைத்துக்கொண்டால், சராசரி இழப்பு 5,125. எதிராளி பத்துக்கு ஆறு முறை கவிழ்ப்பவராக இருந்தால் ஒவ்வொரு முயற்சியின் சராசரி ஆதாயம் 770 சிப்கள். பத்துக்கு நான்கு முறை மட்டும் கவிழ்ப்பவராக இருந்தால் சராசரி நட்டம் 1,195. எல்லைக்கோடு 52 விழுக்காட்டை ஒட்டி விழுகிறது.

இதே செயலை 40,000 சிப்களோடு செய்பவருக்கு எதிராளி 70 விழுக்காட்டுக்கு மேல் கவிழ்த்தாக வேண்டும், ஏனெனில் அதே 4,700க்காக அவர் இரு மடங்கைப் பணயம் வைக்கிறார். 8,000 சிப்களோடு செய்பவருக்கு வேறு தொல்லை: எதிராளி இன்னும் 5,800 மட்டும் வைத்தால் போதும், 31 விழுக்காடு வெற்றி வாய்ப்பே அவருக்கு ஈடுகட்டிவிடும் என்பதால், ஏறத்தாழ எதை வைத்திருந்தாலும் அவர் கவிழ்க்க மாட்டார். 20,000 என்னும்போதோ எதிராளிக்குத் தேவைப்படும் வாய்ப்பு 42 விழுக்காடு; இடைப்பட்ட சீட்டுகளை அவர் விட்டுவிட வேண்டியிருக்கிறது. அச்சுறுத்தப் போதுமானதும் பணயம் வைக்கத் தாங்கக்கூடியதுமான அளவு 20ஐச் சுற்றியே இருக்கிறது. ஆனால் கணக்கு முழுவதும் எதிராளி எத்தனை முறை கவிழ்ப்பார் என்ற ஒரே எண்ணில் தொங்குவதால், அவரை முந்தைய ஆட்டங்களில் கவனித்திராதவர் இந்த ஆயுதத்தை எடுப்பது வெறும் துணிச்சல்.

இதுவரை சொன்னவற்றில் ஒரு சிப்பின் மதிப்பு எப்போதும் ஒன்றே என்று கொள்ளப்பட்டது. கேஷ் கேம் எனப்படும் ஆட்டத்தில் அது சரி. அங்கே சிப்பை எப்போது வேண்டுமானாலும் பணமாக மாற்றிக்கொண்டு எழுந்து போகலாம், குறைந்தால் மேலும் வாங்கலாம். நுழைவுக் கட்டணம் செலுத்தி, சிப் தீர்ந்ததும் வெளியேறி, கடைசிவரை நிற்பவர்கள் பரிசைப் பிரித்துக்கொள்ளும் போட்டிகளில் அப்படியில்லை. முதல் பரிசு வென்றவரிடம் எல்லாச் சிப்களும் இருந்தும் பரிசுத் தொகையில் ஒரு பகுதியே அவருக்கு வருகிறது. ஆகவே இழக்கும் சிப்பின் மதிப்பு, அதே அளவு வெல்லும் சிப்பின் மதிப்பைவிடக் கூடுதல். இதைக் கணக்கிடும் முறையைப் போக்கருக்குப் பொருத்தி 1987இல் எழுதியவர் மேசன் மல்முத். அதன் அடியில் உள்ள சூத்திரமோ குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. பல குதிரைகள் ஓடும் பந்தயத்தில் ஒவ்வொன்றும் முதலாவதாக வரும் வாய்ப்பு தெரிந்தால், இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் வரும் வாய்ப்பை எப்படி அறிவது என்ற கேள்விக்குப் புள்ளியியலாளர் டேவிட் ஹார்வில் 1973இல் தந்த விடை அது: வென்ற குதிரையை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றுக்கிடையே அதே விகிதத்தில் மறுபடி பங்கிடுவது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தப் பிறப்பிடம் தனிச் சுவை தரக்கூடியது. குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974இல் தமிழ்நாடு இயற்றிய சட்டத்தை முன்வைத்து எழுந்த கே.ஆர். லட்சுமணன் வழக்கில், 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. சென்னைக் கிண்டியின் பந்தயத் திடலைச் சுற்றி நடந்த அந்த வழக்கின் வாதங்கள்தாம், கால் நூற்றாண்டுக்குப் பின் இணையப் போக்கர் வழக்கிலும் எடுத்தாளப்பட்டன. சட்டமும் கணிதமும் ஒன்றையொன்று அறியாமலேயே குதிரையிலிருந்து சீட்டுக்கு ஒரே பாதையில் வந்திருக்கின்றன.

கணக்கைப் போட்டுப் பார்ப்பது எளிது. ஒரு போட்டியில் மூவர் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். அவர்களிடம் முறையே 60, 30, 10 சிப்கள். மொத்தப் பரிசு 100 ரூபாய். முதலாமவருக்கு 60, இரண்டாமவருக்கு 40, மூன்றாமவருக்கு ஒன்றுமில்லை. ஒவ்வொருவரும் முதலாவதாக வரும் வாய்ப்பு அவரவர் சிப்பின் பங்கு என்று கொண்டு, ஹார்வில் முறைப்படி இரண்டாமிடத்தையும் சேர்த்தால், அறுபதுக்காரரின் இருப்பு 48.95 ரூபாய்க்கும், முப்பதுக்காரரின் இருப்பு 37.33 ரூபாய்க்கும், பத்துக்காரரின் இருப்பு 13.71 ரூபாய்க்கும் சமம். இப்போது அறுபதுக்காரர் ஆல்-இன் வைக்க, முப்பதுக்காரர் ஈடு கொடுக்கிறார் என்று கொள்வோம். வென்றால் முப்பது அறுபதாகும். சிப் இரட்டிக்கும், மதிப்போ 37.33இலிருந்து 48.95க்கு மட்டும் உயரும். தோற்றால் வெறுங்கை. ஆகவே பிளைண்ட் தொகையைச் சேர்க்காமல் பார்த்தால், அவர் ஈடு கொடுப்பதற்கு 76 விழுக்காட்டுக்கு மேல் வெற்றி வாய்ப்பு வேண்டும்.

அறுபதுக்காரர் சீட்டைப் பார்க்காமலேயே வைக்கிறார் என்று முப்பதுக்காரருக்கு உறுதியாகத் தெரிந்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. கண்ணை மூடி வைத்த எந்தச் சீட்டுக்கும் எதிராக ஒரே இனத்து ஏசும் ராஜாவும் வெல்லும் வாய்ப்பு 67 விழுக்காடே. ஜோடிப் பத்துகளுக்கு 75. ஜோடி ஜாக்கிக்கு 77.5. ஆக, ஏசும் ராஜாவும் கையில் வந்தும் கவிழ்த்துவிட்டு, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் ஆகியவற்றின் ஜோடிகளுக்கு மட்டும் அவர் ஈடு கொடுக்க வேண்டும். இரண்டு சீட்டுகள் அமையக்கூடிய 1,326 வகைகளில் அவை வெறும் 24. இந்த முடிவைக் கேட்கும் ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் நம்புவதில்லை, நம்புகிறவர்களிலும் மேசையில் அப்படிக் கவிழ்ப்பவர் சிலரே.

மற்ற இருவரின் நிலையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். இதே மோதலில் ஈடு கொடுக்கும் இடத்தில் அறுபதுக்காரர் இருந்தால் அவருக்கு 56 விழுக்காடு போதும். பத்துக்காரர் அறுபதுக்காரரோடு மோதுவதற்கு 58.5 விழுக்காடு போதும். முப்பதுக்காரரே பத்துக்காரரோடு மோதினால் 51.5 விழுக்காடு போதும். எல்லோரிலும் மிகுதியாகக் கட்டுண்டிருப்பவர் நடுவில் இருப்பவர். அதுவும் ஒரே ஒருவரோடு மோதும்போது மட்டும். பெரியவரிடம் ஒதுங்கி, சிறியவரிடம் பாய்வது என்ற விதி ஒழுக்க நூல்களுக்கு உவப்பாக இராது, எனினும் கணக்கு சொல்வது இதைத்தான். தனக்குமுன் இன்னொருவர் வெளியேறக் காத்திருப்பதற்கே ஒரு விலை இருக்கிறது. பத்துக்காரர் மேசையில் இருக்கும்வரை அந்த விலை முப்பதுக்காரரின் கையிருப்பில் சேர்ந்திருக்கிறது.

இதிலிருந்து நடுத்தரக் கையிருப்புக்குச் சில பழக்கங்கள் பிறக்கின்றன. ஈடு கொடுப்பதைவிட முதலில் வைப்பது மேல், ஏனெனில் முதலில் வைப்பவருக்கு எதிராளி கவிழ்க்கும் ஆதாயமும் சேர்ந்து கிடைக்கிறது. ஒருவர் முதலில் வைப்பதற்குத் தேவையான சீட்டைவிட, பிறர் வைத்தபின் ஈடு கொடுப்பதற்குத் தேவையான சீட்டு எவ்வளவோ வலுவாக இருக்க வேண்டும் என்பதைப் போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி ஒரு கோட்பாடாகவே எழுதினார். இருக்கையும் முக்கியம். பந்தயம் இடப்புறமாகச் சுற்றுவதால், பெரிய கையிருப்புக்காரர் நடுத்தரக் கையிருப்புக்காரரின் இடப்பக்கத்தில் அமர்ந்திருந்தால் ஒவ்வொரு முறையும் அவர் பின்னால் இருந்து பார்த்து முடிவெடுப்பார். வலப்பக்கத்தில் இருந்தால் அவருடைய முடிவைப் பார்த்தபின் நடுத்தரக் கையிருப்புக்காரர் முடிவெடுக்கலாம். ஆனால் போட்டிகளில் இருக்கை குலுக்கலில் வருவது. இவ்வளவு கணக்குக்கும் நடுவே அதிர்ஷ்டம் அங்கே ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறது.

இவ்வளவும் சேர்ந்து நீதிமன்றக் கேள்விக்குத் தரும் விடை தெளிவானது. 1967இல் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் கே. சத்தியநாராயணா என்பவருக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைப்பதும் எதை வைத்து எதை விடுவது என்று தீர்மானிப்பதும் திறமை என்று கூறி, மூன்று சீட்டு ஆட்டத்திலிருந்து அதைப் பிரித்துக் காட்டியது. 76க்கும் 56க்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து ஏசையும் ராஜாவையும் கவிழ்ப்பது அதைவிடக் குறைந்த திறமை ஆகாது. 2017 டிசம்பரில் போக்கரை அதிர்ஷ்ட ஆட்டம் என்று கூறிய குஜராத் உயர் நீதிமன்றத்தைவிட, 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆட்டத்தின் இயல்புக்கு நெருக்கமாக வந்திருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் சட்டத்தின் கேள்வி வேறு, குடும்பத்தின் கேள்வி வேறு. திறமை உள்ள ஆட்டம் என்பதால் திறமைசாலி பிழைத்துக்கொள்வார் என்று பொருளில்லை. 77.5 விழுக்காட்டு வாய்ப்போடு மூன்று முறை ஆல்-இன் போகிறவர், மூன்று முடிவுகளும் பிழையற்றவை என்றாலும், மூன்றிலும் தப்பிப் பிழைக்கும் வாய்ப்பு 46.5 விழுக்காடே. திறமையின் பலன் ஆயிரக்கணக்கான ஆட்டங்களுக்குப் பின் மெல்லத் தெரிவது. அதற்குள் ஆட்டத்தை நடத்துவோர் ஒவ்வொரு குவியலிலிருந்தும் எடுக்கும் ரேக் என்னும் கழிவு, 2023 ஏப்ரல் முதல் நிகர வெற்றித் தொகையில் பிடிக்கப்பட்ட 30 விழுக்காடு வருமான வரி, அதே ஆண்டு அக்டோபர் முதல் செலுத்தும் தொகை முழுவதன்மீதும் விதிக்கப்பட்ட 28 விழுக்காடு ஜிஎஸ்டி ஆகியவை அந்தப் பலனை முன்பே தின்றுவிடும். பொறுமையே முதலாகக் கொண்ட ஓர் ஆட்டத்தில் நள்ளிரவுக்கு மேல் களைத்த கண்களுக்கு முதலில் தீர்ந்துபோவதும் பொறுமைதான். தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் வகுத்த விதிகள் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பண ஆட்டத்துக்குத் தடை விதித்ததையும், 18 வயதுக்கு உட்பட்டோரை விலக்கி ஆதார் வழிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியதையும், சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3 அன்று அவற்றை ஏற்றதையும் இந்தப் பின்னணியில் பார்த்தால், திறமை ஆட்டத்துக்கும் வேலி வேண்டும் என்ற நிலைப்பாட்டில் முரண்பாடு எதுவும் இல்லை.

அந்த வேலியும் விரைவில் பழங்கதையானது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் எல்லா இணைய ஆட்டங்களையும் தடை செய்தது. அவற்றை நடத்துவோருக்கு மூன்று ஆண்டுவரை சிறையும் ஒரு கோடி ரூபாய்வரை அபராதமும் உண்டு, ஆடுவோருக்குத் தண்டனை இல்லை. பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை உடனே நிறுத்தின. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றன.

எனவே நடுத்தரக் கையிருப்பின் கணக்கைக் கற்க விரும்பும் வாசகர், எந்தச் செயலியையும் தேடாமல், பல்லாங்குழிக்கு எடுத்து வைத்த புளியங்கொட்டைகளைக் கொண்டு வீட்டுக் கூடத்திலேயே தொடங்கலாம். மூவர் அமர்ந்து 60, 30, 10 எனக் கொட்டைகளைப் பிரித்துக்கொண்டு, முதல் இரு இடங்களுக்கு மட்டும் பரிசு என்று வைத்து, முப்பதுக்காரரின் இடத்தில் இருபது முறை ஆடிப் பார்த்தால், ஏசையும் ராஜாவையும் கவிழ்ப்பது எவ்வளவு கடினம் என்பது ஒரு பைசா செலவில்லாமல் தெரிந்துவிடும்.